உளப்பாட்டுப் பன்மை

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள் ஐயா. படிக்க இல்லை, திருத்த. பேனா என்னிடம் இருக்கிறது. சிவப்புதான். பயப்படாதீர்கள், உங்கள் ராசிபலனைத் தொட மாட்டேன்.

இதோ, உள்பக்கத்தில் கீழே, நகைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செய்தி. 'தனியார் நிறுவன ஊழியர் தற்கொலை. குடும்பப் பிரச்சினை காரணமாக இருக்கலாம் என்று தெரிகிறது.' யாருக்குத் தெரிகிறது? எழுவாய் எங்கே? 'இருக்கலாம்' என்றால் தெரியவில்லை என்று பொருள். 'தெரிகிறது' என்றால் தெரிகிறது என்று பொருள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப் போட ஒரு தைரியம் வேண்டும்.

பாருங்கள், 'குடும்ப' என்பதை அடித்துவிட்டேன். மேலே வேறு எதுவும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. இவர்களுக்கும் தெரியாது. ஆனால் எழுதுகிறார்கள்.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. அந்த நர்ஸம்மா ஏற்கெனவே இரண்டு தடவை முறைத்துவிட்டார். மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து கத்தினால் என்னையும் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் நோயாளி இல்லை. கூட வந்தவன். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள், பேச்சியம்மாள் என்று பெயர், உசிலம்பட்டிப் பக்கம். அவள் அம்மாவும் உள்ளே இருக்கிறாள். எனக்கு உறவா? இல்லை. ஒரே அலுவலகம். உங்களுக்கு யார்? தம்பியா? கண்டக்டரா! அவர்களுக்கு 'டபுள் டியூட்டி' என்று ஒன்று உண்டு அல்லவா? அதைத் தமிழில் எழுதச் சொன்னால் 'இரட்டைப் பணி' என்று எழுதுவார்கள். 'தூக்கமின்மை' என்று எவனும் எழுத மாட்டான்.

நான் பேசுவது கொஞ்சம் எழுத்துத் தமிழாகத்தான் இருக்கும். பழகிவிட்டது. ஆயுசு முழுக்க அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். குற்றாலிங்கம் என்றால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கிறவன்கூட ஒற்று விட மாட்டான். அச்சகத்தை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். பால் பாக்கெட்டில் இருக்கும் பிழையைத் திருத்தி மனைவியிடம் காட்டினேன். அவள்தான் எங்கேயாவது வேலைக்குப் போங்கள் என்று துரத்தினாள். அப்படிச் சேர்ந்தது இந்த கால் சென்டர்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் என்றால் ஒரு எண்ணுக்குப் போன் செய்வீர்களே, அந்த எண் எங்களிடம் வந்து அடிக்கும். 'உங்கள் அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படலாம்' என்று ஒரு குரல் சொல்லும் அல்லவா? 'படலாம்' என்ன 'படலாம்'! பதிவு செய்யத்தான் செய்கிறார்கள். அந்தத் தரம் நான்தான். பதிவானதைக் கேட்டு, பேசியவர்களின் தமிழுக்குப் பத்துக்கு மார்க் போடுவது என் வேலை.

மார்க் பட்டியலில் என் கட்டத்தில் மட்டும்தான் ஐயா அந்த அலுவலகத்தில் நேர்மை இருந்தது. மற்றக் கட்டங்களை எல்லாம் கம்ப்யூட்டர் போடும். எவ்வளவு நேரம் பேசினாய், எவ்வளவு நேரம் பாத்ரூமில் இருந்தாய், வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார். வாடிக்கையாளர் அம்மாவை இழுத்துத் திட்டினாலும் இவர்கள் போனை வைக்கக் கூடாது. அவர் வைத்த பிறகுதான் வைக்கலாம். அவர் வைத்ததும் ஒரு 'பீப்'. அடுத்த ஆள். மூச்சு விட ஒரு இடைவெளி கிடையாது. அரைப்புள்ளி, கால்புள்ளி எதுவும் இல்லாத வாக்கியம் மாதிரி.

பெயரையும் மாற்றிவிடுவார்கள். பேச்சியம்மாள் போனில் 'ப்ரீத்தி'. பேச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு பிறந்த பெண்ணுக்கு, பேசுகிற வேலையில், வேறு பெயர்! இதைவிடப் பொருத்தமான பெயர் வேலைக்கு விண்ணப்பம் போட்டு வருமா?

அப்புறம் பலூன். அதைச் சொல்ல வேண்டும்.

எல்லா மார்க்கையும் கூட்டி, வாரத்தில் யார் கடைசியோ, அவர் நாற்காலியில் திங்கட்கிழமை காலையில் ஒரு சிவப்புப் பலூன் கட்டுவார்கள். கைதட்டுவார்கள். ஊக்கப்படுத்துகிறார்களாம். வாரம் முழுக்க அது தலைக்கு மேலே ஆடும். அவிழ்க்கக் கூடாது. சனிக்கிழமைக்குள் காற்று இறங்கி வதங்கிய கத்தரிக்காய் மாதிரி தோளில் தொங்கும். கிரிதர் என்று ஒரு மேனேஜர், அவன் கண்டுபிடிப்பு. வேறு எங்கோ பார்த்துவிட்டு வந்து செய்தான். பலகையில் கொட்டை எழுத்தில் 'இந்த வார பளூன்' என்று எழுதி வைத்திருந்தான். ளகரம் ஐயா! பளூன்! எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே ளவை அடித்து ல போட்டேன்.

என்ன? பலூனை அவிழ்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? அது என் துறை இல்லை.

பேச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னாசி என்று ஒரு பையன் இருந்தான். திண்டுக்கல் பக்கம். போனில் 'விக்ரம்'. மெதுவாகப் பேசுவான். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை கேட்பான். அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை. ஒரு தடவை காரைக்குடியிலிருந்து தனியாக இருக்கிற ஒரு பெரியவர் போன் செய்தார். ஃபிரிட்ஜ் கதவை மூடினால் உள்ளே லைட் அணைகிறதா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம். மூடினால் பார்க்க முடியாது, திறந்தால் எரிகிறது. தூக்கமே வரவில்லையாம். வேறு யாராக இருந்தாலும் 'அணையும் சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று முடித்திருப்பார்கள். இன்னாசி என்ன செய்தான்? 'ஐயா, வீட்ல இன்னொரு போன் இருக்கா? அதுல வீடியோ ஓடவிட்டு உள்ள வெச்சுக் கதவ மூடுங்க. நான் லைன்லயே இருக்கேன்' என்றான். வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் போனை வைத்து, மூடி, எடுத்து, பார்த்து... 'அணையுதுப்பா! அணையுதுப்பா!' என்று அந்த மனிதர் கத்துகிறார், இவன் சிரிக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மார்க் போட்டேன். இரண்டு ஏன் குறைந்தது என்கிறீர்களா? 'எரியிதுங்களா' என்றான். 'எரிகிறதா' என்றல்லவா இருக்க வேண்டும்?

அந்த வாரம் பலூன் அவனுக்கு. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். பிறகு ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. மதியத்துக்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி, எங்கே என்று கேட்காதீர்கள். அது பேப்பர்காரனுக்கு வேண்டிய விவரம், மனிதனுக்கு வேண்டியது இல்லை. நாற்காலியில் போன வாரத்துப் பலூன் அப்படியே இருந்தது. பேச்சிதான் அவிழ்த்தாள். நகத்தால் முடிச்சை எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பீப் அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். 'நாம் அனைவரும் ஒரே குடும்பம். நமது குடும்பத்தின் அன்பு உறுப்பினர் விக்ரம் குடும்பப் பிரச்சினை காரணமாக நம்மைப் பிரிந்தார்.'

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் வரியில் 'நாம் குடும்பம்'. இரண்டாம் வரியில் 'குடும்பம் காரணம்'. வாக்குமூலம் ஐயா அது! தங்களுக்கே தெரியாமல் தாங்களே எழுதி, சுவரில் ஒட்டிய வாக்குமூலம். கிரிதரிடம் போய்ச் சொன்னேன். "சார், இதுலயும் கிராமர் பார்க்காதீங்க ப்ளீஸ்" என்றான். வேறு எதில் பார்ப்பது? செத்தவன் பெயரைக்கூடப் போடவில்லை. இன்னாசி என்று ஒருவன் இருந்தான் என்பதே அந்தக் காகிதத்தில் இல்லை. செத்தது விக்ரமாம். விக்ரம் எப்படிச் சாவான்? அவன் பிறக்கவே இல்லையே.

எல்லாமே வேலையால்தான் என்று நானும் சொல்ல மாட்டேன். ஒரு உயிர் போவதற்கு ஒரே காரணம் எழுதுகிறவன் மூடன். கடன் இருக்கலாம், காதல் இருக்கலாம், உடம்பு இருக்கலாம். ஆனால் ஒருவன் கண் விழித்திருக்கிற நேரத்தில் முக்கால்வாசி எங்கே கழிகிறதோ, அந்த இடத்தின் பெயர் மட்டும் எந்தச் செய்தியிலும் வராது. அது எப்படி? அந்தச் சொல்லையே பாருங்கள். தன், கொலை. தற்கொலை. 'தன்' என்று போட்டாயிற்று. தீர்ப்பு சொல்லிலேயே இருக்கிறது. கூட நின்றவன் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

தண்ணீர் இருக்கிறதா? நன்றி. உங்கள் தம்பியைக் கூப்பிட நேரமாகும். முதல் தடவை வருகிறவர்களிடம் விரிவாகப் பேசுகிறார்கள். நல்லதுதான்.

ஒரு மாதம் கழித்து நிறுவனத்துக்கு அக்கறை வந்தது. ஒரு பெண்மணியைக் கூட்டிவந்து எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து 'ஹா ஹா ஹா' என்று சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு யோகா. சிரித்த நேரத்தை வேலை நேரத்தில் கழித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு போஸ்டர். நீல நிறம், இரண்டு கை கோத்திருக்கிற படம். 'மனம் விட்டுப் பேசுங்கள். நாம் உங்களோடு இருக்கிறோம்.'

சிரிக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், நீங்கள் சிரிக்கவே இல்லை. பிழை தெரியவில்லையா?

நீங்களும் நானும் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். உங்களிடம் 'நாம் உட்கார்ந்திருக்கிறோம்' என்பேன். ஏனென்றால் நீங்களும் அதில் இருக்கிறீர்கள். சாயங்காலம் நீங்களும் தம்பியும் ஊருக்குப் போவீர்கள். என்னிடம் சொல்லும்போது 'நாங்கள் போகிறோம்' என்பீர்கள். ஏனென்றால் நான் அதில் இல்லை. எதிரில் கேட்கிறவனை உள்ளே சேர்த்தால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. உள்ளே சேர்ப்பதற்கு உளப்பாட்டுப் பன்மை என்று பெயர். நம் மொழியின் ஆபரணம் ஐயா அது. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். அவன் யாரைச் சேர்க்கிறான், யாரைக் கழிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

இப்போது போஸ்டரைப் படியுங்கள். 'நாம்' என்பதில் நீங்களும் இருக்கிறீர்கள். அப்புறம் 'உங்களோடு' என்றால்? உங்களோடு நீங்களே இருக்கிறீர்கள். அதாவது தனியாக இருக்கிறீர்கள். அட, உண்மையைத்தானே எழுதியிருக்கிறார்கள்! கீழே ஒரு போன் நம்பர் வேறு. நான் அடித்துப் பார்த்தேன். பாட்டு ஓடியது, யாரும் எடுக்கவில்லை.

சிவப்புப் பேனாவால் 'நாம்' ஐ அடித்து 'நாங்கள்' என்று எழுதினேன். நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ கொடுத்தார்கள். 'சேதபடுத்தியதாக' என்று பகரத்துக்கு முன் ஒற்று இல்லாமல். திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

பேச்சிக்கு வருகிறேன். இன்னாசியின் நாற்காலிக்கு ஆள் எடுக்கவில்லை. அவனுக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகளையும் இவளிடம் திருப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் 'நாம'. "கவலப்படாதீங்கம்மா, நாம சரி பண்ணிருவோம்." "நாம நாளைக்கு ஆள் அனுப்புவோம் சார்." யார் அனுப்புவது? அந்த அம்மாவும் சேர்ந்தா அனுப்பப் போகிறாள்? வாடிக்கையாளரா வந்து ஸ்குரூ முடுக்குவார்? நிறுவனம் அனுப்புகிறது, எனவே 'நாங்கள்'. கூப்பிட்டு எத்தனையோ முறை சொன்னேன். "சரிங்க சார், வாயில வந்துருது சார், எங்க ஊர்ல அப்டித்தான் சொல்லுவோம்" என்பாள். ஒவ்வொரு 'நாம' வுக்கும் ஒரு மார்க் குறைத்தேன். கறாராக இருந்தால்தான் மொழி நிற்கும். சில அழைப்புகளில் பூஜ்யத்துக்குப் போய்விடுவாள். பூஜ்யத்துக்குக் கீழே போட கம்ப்யூட்டர் விடவில்லை.

பலூன் அவள் நாற்காலிக்கு வந்தது.

ஆனால் பலன் இருந்தது ஐயா! அதைச் சொல்லியாக வேண்டும். மெல்ல மெல்லத் திருந்தினாள். 'நாம' நின்றது. 'நாங்கள் ஆளை அனுப்புகிறோம். நாங்கள் பதிவு செய்துகொண்டோம்.' ஒற்றுப் பிழைகூட இல்லாத குரல். ஒரு நாள் பத்துக்குப் பத்து போட்டேன். நான் அங்கே போட்ட முதல் பத்து. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அவளுடைய நட்சத்திரம் குறைய ஆரம்பித்தது. முன்பெல்லாம் அள்ளிக் கொடுத்த வாடிக்கையாளர்கள், 'மெஷின் மாதிரிப் பேசுகிறாள்' என்று எழுதினார்கள். மொழி திருந்தினால் நட்சத்திரம் குறைகிறது. நம் ஆட்களுடைய ரசனை அப்படி. பலூன் அவள் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை.

நேற்றுதான் இது நடந்தது. ஆயுத பூஜைக்கு ஏற்பாடு. எங்கள் ஆயுதம் ஹெட்போன். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை, சுண்டல். ஒவ்வொரு வருஷமும் முன்னால் நிற்பது பேச்சிதான். டீ குடிக்கப் படிக்கட்டுப் பக்கம் வந்தேன், அவள் சன்னலோரமாக நின்றிருந்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

"சார், இந்த வருஷம் பூஜைய நீங்க எல்லாரும் சேந்து நல்லபடியா பண்ணுங்க. பொரியை முன்னாடியே பிரிச்சு வெக்காதீங்க, போன வருஷம் மாதிரி நமுத்துரும்."

எனக்குச் சுருக்கென்றது. சாவு, ஆபத்து என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. பன்மை உறுத்தியது. அவ்வளவுதான். 'நாம' என்று ஊரையே சேர்த்துக்கொண்ட பெண், 'நாங்கள்' என்று கற்றுக்கொண்ட பெண், இப்போது இரண்டையும் விட்டுவிட்டு 'நீங்க எல்லாரும்' என்கிறாள். பேசுகிறவளே வாக்கியத்தில் இல்லை.

"நீங்க எல்லாரும் என்றால்? நீ எங்கே போகிறாய்? ஊருக்கா?"

"ஊருக்கு இல்ல சார்."

"வேலையை விடுகிறாயா?"

"எப்டி விடுறது? சர்ட்டிபிகேட் பூராம் அவங்ககிட்டதான இருக்கு."

"அப்படியானால் நீயும்தானே இருப்பாய்? தன்மையும் முன்னிலையும் சேர்ந்தால் என்ன வரும்? 'நாம பண்ணுவோம்'. சொல்."

அவள் ஆறிப்போன டீயைச் சன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ஒரு சொல்தானே பேச்சி? இத்தனை நாள் சொல்லாதே சொல்லாதே என்றபோது விடாமல் சொன்னாய். இப்போது சொல் என்கிறேன். 'நாம'. சொல்."

"நா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. உதடு மூட வேண்டும் அல்லவா 'ம' வுக்கு? மூட முடியவில்லை.

நம் ஆட்களுக்குச் சாவைச் சொல்ல நூறு சொல் உண்டு. காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார். எல்லாவற்றுக்கும் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அந்த மெழுகுப் பூச்சு எனக்கு ஒத்துக்கொள்ளாது. நேராகக் கேட்டேன்.

"பேச்சி, செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?"

இல்லை என்று சொல்லவில்லை அவள். நிமிர்ந்து பார்த்தாள். "எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

"பன்மையை வைத்து" என்றேன்.

அப்புறம் அழுதாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், நானும் உட்கார்ந்தேன். முழங்கால் வலி, எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தே உட்கார்ந்தேன். தூங்கி எழுந்தால் காதில் பீப் கேட்கிறதாம். குளிக்கும்போது கேட்கிறதாம். "யாரும் திட்டாட்டியும் திட்டுற மாதிரியே இருக்கு சார். அம்மாட்ட சொன்னா, ஏசி ரூம்ல உக்காந்து பேசுறதுக்கு உனக்கு என்னடி வலிக்குதுங்குது. இன்னாசி சேரைப் பாக்குறப்பல்லாம், அவன் மட்டும் தப்பிச்சிட்டான்னு தோணுது சார்."

'தப்பித்தல்' என்ற சொல்லை அந்த இடத்தில் போடுவது தவறு என்று சொன்னேன். தப்பித்தவன் திரும்பி வந்து நமக்குக் கதை சொல்வான். இன்னாசி சொல்வானா? அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து கிரிதர் வந்தான். "ப்ரீத்தி, பிரேக் ஓவர். உங்க லைன்ல க்யூ நிக்குது" என்றான்.

"இவள் பெயர் பேச்சியம்மாள்" என்றேன். "இன்றைக்கு இவள் லைனுக்கு வர மாட்டாள்."

"சார், உங்களுக்கு இது சம்பந்தமில்லாத விஷயம்."

"ஒரே குடும்பம் என்று ஒட்டியிருக்கிறாயே, சம்பந்தம் எப்படி இல்லாமல் போகும்?"

அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? எனக்கு இன்னும் ஆறவில்லை ஐயா. "டோன்ட் ஆக்ட் இன்னசென்ட் சார். டைம்ல அவங்க ஓகேதான். ஆரம்பத்துல ஸ்டார்ஸும் டாப்புதான். உங்க லாங்குவேஜ் மார்க்குலதான் சார் அவங்க கீழ போனாங்க. பலூன் நான் கட்டுனேன். யாருக்குக் கட்டணும்னு சொன்னது நீங்க" என்றான்.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! நான் மார்க் போட்டது வாக்கியத்துக்கு. அவளுக்கா போட்டேன்? பிழை என்று நான் எழுதியது சொல்லை. ஆளை அல்ல. அதைக் கூட்டி, வகுத்து, பலூன் ஊதியது யார்? கத்தியைச் செய்தவனையும் குத்தியவனையும்...

இல்லை, அந்த உவமை சரியாக வரவில்லை. விடுங்கள். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, அவள்தான் தூக்கிவிட்டிருக்க வேண்டும். உள்ளே போனேன். அவள் நாற்காலியில் அது ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து இந்தப் பேனாவை எடுத்து ஒரு குத்து. டமார்! அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போன் செய்த அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். யாரோ ஒரு பெண் கைதட்டினாள். அப்புறம் இன்னொருத்தி.

உணர்ச்சிவசப்பட்டு உடைத்தேன் என்று நினைக்காதீர்கள். பலகையில் மறுபடியும் 'பளூன்' என்று எழுதியிருந்தார்கள்.

அவளைத் தனியாக விடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய், அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு என் போனிலிருந்து போட்டு அவள் கையில் கொடுத்தேன். சத்தமாக வைக்கச் சொன்னேன். பழக்கதோஷம், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிற முதல் வாக்கியம், 'தங்களுக்கு நான் எவ்வாறு உதவ முடியும்?' அது தமிழே இல்லை. உன்னால் என்ன முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. "சொல்லுங்கம்மா, கேட்டுட்டிருக்கேன்" என்றாள். பேச்சி பேசாமல் இருந்தாள். அந்த அம்மாவும் பேசாமல் இருந்தாள். வைக்கவும் இல்லை. எங்கள் ஆபீஸில் அந்த மௌனத்துக்கு மார்க் குறைப்பார்கள். டீக்கடைக்காரர் பஜ்ஜி போட்டு எடுத்துவிட்டார், இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு பேச்சி பேச ஆரம்பித்தாள். அந்த அம்மாதான் இங்கே கூட்டிவரச் சொன்னாள், வீட்டில் யாருக்காவது சொல்லச் சொன்னாள். அவளுடைய அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். "என் பிள்ளைக்கு என்னங்கய்யா?" என்று ஒரே கேள்வி. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஏசி ரூம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோ அந்த நர்ஸம்மாதான் சொன்னார், நேராகக் கேட்டது நல்லதாம். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று எல்லோரும் பயந்து கேட்காமல் இருக்கிறார்களாம். வராதாம். கேட்டால் பாரம் இறங்குமாம். உங்கள் தம்பியிடம் நீங்கள் கேட்டீர்களா? கேளுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்.

எனக்கு வேலை போய்விட்டதா? போகட்டும். நாளைக்கு அவளுடைய சான்றிதழ்களைக் கேட்டு வாங்கப் போகிறேன். கொடுக்கவில்லை என்றால் லேபர் ஆபீஸ். மனு எழுதிவிட்டேன். அதில் இன்னாசி பெயரை இன்னாசி என்றே எழுதியிருக்கிறேன். பலூனைப் பற்றி எழுதியிருக்கிறேன், பாத்ரூம் நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். மொழி மார்க்கைப் பற்றி... அது எதற்கு? தேவையில்லாத விவரம் மனுவின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இருங்கள், கதவு திறக்கிறது. அவள்தான். அந்த மஞ்சள் துப்பட்டா. முகம் கழுவியிருக்கிறாள் போலிருக்கிறது. என்னம்மா? முடிந்ததா? என்ன சொன்னார்கள்?

"மாத்திரை குடுத்துருக்காங்க சார். அடுத்த வாரமும் வரணுமாம். அம்மா உள்ளதான் இருக்கு. உங்களையும் வரச் சொல்றாங்க சார்."

என்னையா? என்னை எதற்கு?

"வேலையில என்னென்ன நடந்துச்சுன்னு முழுசா கேக்கணுமாம். மார்க்கு யார் போடுறதுன்னு கேட்டாங்க, சொன்னேன். பயப்படாதீங்க சார், திட்ட மாட்டாங்க. நாம சேந்து பேசணுமாம்."

கேட்டீர்களா ஐயா? 'நாம'! நான் சொல்லிக் கொடுக்காமல், தானாக, உதடு மூடி, 'நாம'. இந்த இடத்தில் 'நாங்க' என்று சொல்லியிருந்தால் நான் வெளியிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பேசுகிறவளும் கேட்கிறவனும்...

இந்தாருங்கள் உங்கள் பேப்பர். பேனாவையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எதற்கு அது.

வருகிறேன் பேச்சி, வருகிறேன். கையைக் கொடு, முழங்கால். பத்துக்குப் பத்து.